மூன்று முறை மணல் இறங்கும்வரை

மார்ச் 9, சனி

பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் பொங்கி அடுப்பெல்லாம் சிவப்பு. இந்த வருட ஆட்டத்துக்கு இதுதான் ரத்தம். போன வருடம் கடையில் வாங்கிய சாயம் கூட விளையாடும் தோர்கிரிமின் சட்டையிலிருந்து இன்றுவரை போகவில்லை, பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக்காட்டுகிறான்.

முதியோர் இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் இன்று கேட்டாள்: "ராக்னா, லீவுல காட்டுக்குள்ள போய் வேஷம் கட்டுவீங்களாமே, நிஜமாவா?" நிஜம்தான் என்றேன். நாற்பது பேர், நான்கு நாள். இல்லாத ஒரு நாட்டு மனிதர்களாக வாழ்ந்துவிட்டு வருவோம். ரப்பர் வாளால் அடித்துக்கொள்வோம். அடிபட்டவன் விழ வேண்டும். நான் அந்த நாட்டு வைத்தியச்சி, ஊற்றுத் தேவியின் பூசாரி. மந்திரம் சொன்னால் செத்துக்கொண்டிருப்பவன் எழுந்துவிடுவான். "நாள் பூரா நர்ஸ் வேலை, லீவுலயும் நர்ஸ் வேலையா!" என்று சிரித்தாள்.

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அங்கே எழுந்துவிடுகிறார்கள். இங்கே பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன், ஒருவரும் எழுந்து வீட்டுக்குப் போனதில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

தோர்கிரிம் வீட்டில் ஆட்ட விதிகளைப் பேசும் கூட்டம். பதினான்கு பேர், விக்டிஸின் வாஃபிள், பழுப்புச் சீஸ். விக்டிஸ் அவன் மனைவி. அவள் விளையாடுவதில்லை. "வயசான காலத்துல உங்களுக்கு வேற வேலை இல்ல" என்று சொல்லிக்கொண்டே எல்லாருக்கும் சுட்டுப் போடுவாள்.

என் நெடுநாள் சண்டையில் இன்று ஜெயித்தேன். இதுவரை வைத்தியச்சி தொட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த நிமிடம் எழுந்து ஓடுவான். இப்படி இருந்தால் காயத்துக்கு என்ன மரியாதை? யாருக்கு எதற்குப் பயம்? நான் சொன்னது இது. சாகும் காயம் என்றால் வைத்தியச்சி பக்கத்தில் உட்கார்ந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். மணல் கடிகாரம் மூன்று முறை இறங்கும்வரை மந்திரம். ஒரு முறைக்கு ஐந்து நிமிடம். அடிபட்டவன் பேசக் கூடாது. யாரும் குறுக்கே வரக் கூடாது, வந்தால் அவன் செத்தான்.

"அம்மா தாயே, ஆஸ்பத்திரியில கூட என்னை இவ்வளவு நேரம் படுக்கப் போட்டதில்ல" என்றான் தோர்கிரிம்.

உள்ளே இருந்து விக்டிஸ்: "கால் மணி நேரம் இந்த ஆள் வாயை மூடிக்கிட்டுக் கிடப்பான்னா எனக்கும் ஒரு ஓட்டு குடுங்க!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பதினோரு பேர் ஆதரவு, தோர்கிரிமும் கை தூக்கினான். ஆட்டத்தை நடத்துகிற அஸ்லாக் விதிப்புத்தகத்தில் ‘ராக்னாவின் விதி’ என்றே எழுதிவிட்டான். வரும் வழியெல்லாம் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜூன் 2

தோர்கிரிமுக்கு ரத்த அழுத்தமாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். "ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஆள் நான், காட்டுல எனக்கு ஏது மாத்திரை" என்கிறான். மரியாதையாக எடுத்துக்கொண்டு வா என்று திட்டினேன்.

ஜூலை 11, வியாழன்

காட்டுக்கு வந்தாயிற்று. கொசு பிடுங்குகிறது. கம்பளி அங்கி இன்னும் காயவில்லை, ஈர நாய் நாற்றம்.

ஆரம்பிக்கும் முன் அஸ்லாக் வழக்கம்போல மரக்கட்டை மேல் ஏறி நின்று அதே இரண்டு விஷயத்தைச் சொன்னான். நிஜமாகவே யாருக்காவது ஏதாவது ஆனால் ‘கட்’ என்று கத்துங்கள், அந்த நொடியே ஆட்டம் நிற்கும். பேச முடியாவிட்டால் கையைத் தலைமேல் வையுங்கள். தலைமேல் கை இருக்கிறவன் ஆட்டத்தில் இல்லை, நிஜ ஆள். பதினைந்து வருடமாகக் கேட்கிறோம். யார் காது கொடுத்துக் கேட்டார்கள்? நான் பையில் மணல் கடிகாரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்த முறை எங்கள் கொடி தோர்கிரிம் கையில். அப்படியானால் நிச்சயம் சாவான். சாவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. மூன்று வருடம் முன்பு ஓடையில் விழுந்து செத்தபோது எதிரிப் படையே கைதட்டியது. வருடமெல்லாம் பஸ் ஓட்டுகிறவன், இந்த நான்கு நாளுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பான்.

ஜூலை 14

தோர்கிரிம் ஆஸ்பத்திரியில். எழுத முடியவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

லீவை நீட்டிவிட்டேன். எழுதிவிடலாம், எழுதினால் கொஞ்சம் குறையுமோ என்னவோ.

சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பலகைப் பாலத்தில் சண்டை. தோர்கிரிம் கொடியோடு விழுந்தான். அவன்மேல் வாள் படவே இல்லை என்று இப்போது சொல்கிறார்கள். அப்போது யார் பார்த்தார்கள்? நான் ஓடினேன். உட்கார்ந்தேன். கைகளைப் பிடித்தேன். மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன். ராக்னாவின் விதிக்கு முதல் சோதனை, முதல் ஆள்.

சுற்றி எல்லாரும் வாளைத் தாழ்த்தி அமைதியாக நின்றார்கள். ஒருத்தி அழுதாள். அழகாக இருந்தது. எனக்கே சிலிர்த்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஒன்று இறங்கியது. இரண்டு. மூன்று. "எழுந்திரு, ஊற்று உன்னைத் திருப்பித் தந்துவிட்டது" என்றேன். எழவில்லை. இன்னும் கொஞ்சம் கைதட்டல் வேண்டுமாக்கும் என்று நினைத்தேன். அப்புறம் மூத்திர நாற்றம். அந்த நாற்றம் எனக்குத் தெரியாதா? முகத்திலிருந்த பீட்ரூட்டை என் அங்கியால் துடைத்தேன். வலது பக்கம் முழுக்கத் தொங்கிக்கிடந்தது.

கட் என்று கத்தினேன். ஆம்புலன்ஸ் அந்தக் காட்டுப்பாதையில் வந்துசேர நாற்பது நிமிடம்.

நடிக்கிறான் என்று நாற்பது பேரும் நினைத்தோம். யாரைக் குற்றம் சொல்ல? எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஜூலை 19, வெள்ளி

முழுவதும் எழுதிவிட்டதாக நினைத்தேன். இல்லை. ஒன்றை விட்டுவிட்டேன்.

அவன் கையைத் தூக்கினான். இடது கையை. முதல் மணல் பாதி இறங்கியிருக்கும். என்னைத் தேடுகிறான் என்று நினைத்துப் பிடித்து நெஞ்சில் வைத்தேன். விதி அப்படித்தானே, இரண்டு கையையும் பிடித்திருக்க வேண்டும். மறுபடி தூக்கினான். இந்த முறை பலமாக. காதுவரை போய்விட்டது. நான் இழுத்து இறக்கினேன். பதினெட்டு வருடமாகப் படுக்கையில் ஆட்களைப் புரட்டிப்போட்ட கை இது, வலுவுக்குக் குறைவில்லை. உதடு அசையாமல் அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "போதும் தோர்கிரிம், ரொம்பத்தான் நடிக்கிற."

அவன் என்னைப் பார்த்தான்.

தலையில் வைக்கப் போனான். பேச்சு வரவில்லை, அதனால் தலையில் கை வைக்கப் போனான். நான் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஊற்றுத் தேவியைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ஐயோ.

முகம், கை, பேச்சு. பக்கவாதம் என்றால் இந்த மூன்றையும் பார், உடனே போன் பண்ணு. புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் சொல்லிக்கொடுப்பவள் நான். நடைகூடத்துச் சுவரில் அந்தப் படத்தை ஒட்டியதே நான்.

அவன் கையைத் தூக்கியதை வேறு யாராவது பார்த்தார்களா? பார்த்தவர்கள் நடிப்பு என்றே நினைத்திருப்பார்கள். எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஜூலை 27, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். விக்டிஸ் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நீ இருந்ததாலதான் ராக்னா. நர்ஸ் ஒருத்தி பக்கத்துல இருந்ததாலதான்." என் தோளில் அவள் கண்ணீர். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன், வேறென்ன செய்வேன்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து நேரத்துக்குள் போய்விட்டதாம். உயிருக்குப் பயமில்லை. பேச்சு மெதுவாக வரலாம். வலது கை பற்றி எதுவும் சொல்ல முடியாது. டாக்டரம்மாவை நடைகூடத்தில் மடக்கிக் கேட்டேன், கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தால்?

"அதையெல்லாம் யாராலயும் சொல்ல முடியாது" என்றாள். நடந்துகொண்டே திரும்பி, "முன்னாடி வந்தா எப்பவுமே நல்லதுதான்" என்றாள்.

ஆகஸ்ட் 9

அஸ்லாக் உள்ளூர்ப் பத்திரிகையில் பேசியிருக்கிறான். விளையாட்டில் வைத்தியச்சி, நிஜத்திலும் உயிரைக் காத்தார் என்று தலைப்பு. என்னைக் கேட்கவில்லை. வேலையிடத்தில் அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் குத்தி, கேக் வாங்கி வைத்திருந்தார்கள். இரண்டு துண்டு சாப்பிட்டேன். எப்படி இறங்கியது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தோர்கிரிமை மறுவாழ்வு மையத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரே ஒரு வார்த்தை வருகிறது: "ஆமா." காபி வேண்டுமா, ஆமா. வேண்டாமா, ஆமா. கோபம் வந்தாலும் அதே வார்த்தைதான், சத்தம் மட்டும் கூடும்.

நான் என் நர்ஸ் குரலை எடுத்துவிட்டேன். "அடடே, இன்னைக்கு முகம் எவ்வளவு தெளிவா இருக்கு! சீக்கிரம் ஓடி ஆடப்போற பாரு!" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் இடது கையைத் தூக்கித் தலைமேல் வைத்தான். வைத்து, என்னையே பார்த்தான்.

"பாத்தியா, இப்படித்தான் பண்றான்" என்றாள் விக்டிஸ். "தலைவலி போல. நீ வர்ற அன்னைக்கெல்லாம் வருது. உன்னைப் பாத்தா காட்டு ஞாபகம் வந்து ரத்தம் ஏறுதோ என்னவோ. நர்ஸ்கிட்ட சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்துடறேன். என்ன ராக்னா, தலைவலிதானே?"

"இருக்கும்" என்றேன்.

விக்டிஸ் விளையாடாதவள். அவளுக்கு அந்தச் சைகை தெரியாது. என் கண் முன்னால் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து அவன் வாயில் ஊற்றினாள். அவன் விழுங்கினான். என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கினான்.

செப்டம்பர் 1

போனேன். மறுபடியும் கை, மறுபடியும் மாத்திரை. நான் வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 15

போகவில்லை. சளி என்று சொன்னேன்.

செப்டம்பர் 22

சளி இல்லை. இன்றும் போகவில்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது. அவனுக்கு வராத வார்த்தை எனக்கு வருகிறதே, நான் என்ன கிழித்தேன்?

செப்டம்பர் 29, ஞாயிறு

விக்டிஸ் கீழே சாப்பிடப் போயிருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுமே அவன் கை தலைக்குப் போய்விட்டது. நர்ஸ் குரலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

சொன்னேன். "நீ ரெண்டு தடவை கையைத் தூக்கின. நான் ரெண்டு தடவையும் இறக்கிட்டேன். நடிக்கிறன்னு நினைச்சேன். உன்னைத் திட்ட வேற செஞ்சேன். அப்புறம் எல்லாரும் என்னைக் கொண்டாடினப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன். தலைவலின்னு சொன்னப்பவும் மூடிக்கிட்டு இருந்தேன்."

"ஆமா" என்றான்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன், என் அழுகையையும் அவன் சுமக்க வேண்டுமா? "விக்டிஸ்கிட்ட சொல்லட்டுமா?"

"ஆமா."

"சொல்லாம இருந்துடட்டுமா?"

"ஆமா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் வாயின் இடது பக்கமும் கொஞ்சம் ஏறியது. பழைய தோர்கிரிம் ஒரு நொடி எட்டிப்பார்த்துவிட்டுப் போனான். பிறகு கையைத் தலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். என்னை மன்னித்தானா, போய்த் தொலை என்றானா, எனக்குப் புரியவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

சொல்லிவிட்டேன். விக்டிஸின் சமையலறையில். நான் வருகிறேன் என்று வாஃபிள் மாவு கரைத்து வைத்திருந்தாள்.

காட்டில் நடந்ததைச் சொன்னபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. "நாற்பது பேருக்கும்தான் தெரியல. நீயும் வேணும்னு செய்யலையே" என்றுகூடச் சொன்னாள். என் உயிர் திரும்பிவந்தது. அப்படியே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தலைமேல் கை என்றால் என்ன அர்த்தம் என்பதையும் சொன்னேன்.

மாவுப் பாத்திரத்தை மூடி வைத்தாள். அப்புறம் கேட்டாள்: "அப்ப அந்த மாத்திரை?"

தலைவலி இல்லை என்றேன்.

"அவன் சொல்லிக்கிட்டே இருந்திருக்கான். அவனால சொல்ல முடிஞ்சது அது ஒண்ணுதான். நான் ஒவ்வொரு தடவையும் மாத்திரையைக் கரைச்சு ஊத்தி வாயடைச்சிருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்க." குரல் ஏறவே இல்லை. "காட்டுல தெரியாம நடந்தது. இது தெரிஞ்சே நடந்தது. தெரிஞ்சே என் கையால செய்ய வெச்ச. எழுந்திரு, கிளம்பு."

கோட்டைக்கூட ஒழுங்காக மாட்டாமல் வெளியே வந்தேன். கதவைச் சாத்தும் சத்தம் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகச் சாத்தினாள்.

அக்டோபர் 8

பலகையில் இருந்த பத்திரிகைத் துண்டை எடுத்துக் கிழித்துப் போட்டேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். மதிய இடைவேளையில் என் மேசையில் யாரும் உட்காரவில்லை. அல்லது இடம் கிடைத்த பக்கம் உட்கார்ந்தார்களோ என்னவோ, எல்லாவற்றையும் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன்.

நவம்பர் 10, ஞாயிறு

விதிக் கூட்டம், இந்த முறை அஸ்லாக் வீட்டில். வாஃபிள் இல்லை. எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "உன் இடத்துல யார் இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பாங்க" என்றான் அஸ்லாக். நல்லவன். அவன் சொல்வது காட்டைப் பற்றி. மாத்திரையைப் பற்றி யாரும் பேசவில்லை.

என் விதியைப் புத்தகத்திலிருந்து அடித்துவிட்டார்கள். இனிமேல் பழையபடி தொட்டால் போதும், எழுந்துவிடலாம். மணல் கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வருடம் வைத்தியச்சி வேறு யாராவது இருக்கட்டும். அடுத்த வருடம் நான் எதற்கு?

டிசம்பர் 24

இரவுப் பணி கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும். அறை நான்கில் இருந்த கிழவர் போய்விட்டார். கடைசியில் கையைத் தூக்கினார். நான் அதைப் பிடிக்கவில்லை. எங்கே போகிறது என்று பார்த்தேன். போர்வையைத் தள்ளினார், அவ்வளவுதான். கம்பளி குத்தியிருக்கும்.

ஜனவரி 14, செவ்வாய்

விக்டிஸ் போன் பண்ணினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு. எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் இல்லை.

"வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். பயிற்சி எதுவும் செய்யமாட்டேங்கிறான். பிசியோதெரபிஸ்ட் வந்தா சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிறான், நான் சொன்னாலும் அதேதான். யார் வந்தா செய்வேன்னு அவர் போட்டோவெல்லாம் காட்டிக் கேட்டார். உங்க கூத்துப் போட்டோவைக் காட்டினான். அதுல உன்னைக் காட்டினான்." மூச்சு வாங்கினாள். "எனக்கு உன்னைப் பாக்க வேண்டாம் ராக்னா. அவனுக்கு வேணுமாம். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பிடுவேன். சாவி விறகுக் கொட்டகையில இருக்கும். நாலு மணிக்கு வந்துடுவேன். அதுக்கு முன்னாடி போயிடு."

சரி என்றேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

ஜனவரி 21, செவ்வாய்

போனேன். அவன் "ஆமா" என்றான். நான் நர்ஸ் குரலில் பேசவில்லை, அவனும் தலையில் கை வைக்கவில்லை. குளிர்பெட்டிக் கதவில் பயிற்சித் தாள் ஒட்டியிருக்கிறது. வலது கையை மேசையிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தாடைக்கு, முடிந்தால் அதற்கும் மேலே. அவனாகச் செய்ய வேண்டும், கூட இருப்பவர் தூக்கிவிடக் கூடாது. அதற்குக் கீழே விக்டிஸின் எழுத்தில் சிவப்புப் பேனாவில்: தொடாதே.

கை மேசையை விட்டே எழவில்லை.

பிப்ரவரி 4

நெஞ்சுவரை. இரண்டு தடவை. மூன்றாவதில் காபியைத் தட்டிவிட்டு, "ஆமா! ஆமா!" என்று மேசையைக் குத்தினான். இப்படித் திட்டக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. ஃபிளாஸ்க்கில் விக்டிஸ் வைத்துவிட்டுப் போகும் காபி ஒரு ஆளுக்கானது. இன்று அதுவும் போயிற்று.

பிப்ரவரி 18, செவ்வாய்

வெளியே பனி கொட்டுகிறது. பதினோரு மணிக்கு ஆரம்பித்தோம். நெஞ்சு வந்தது. தாடை வந்தது. அங்கேயே நின்று நடுங்கியது. விழுந்தது. மறுபடி மேசையிலிருந்து. நெற்றியெல்லாம் வியர்வை, இடது கையால் துடைத்துக்கொண்டான். போதும் இன்றைக்கு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. போதும் என்று நான் அவனிடம் ஒரு தடவை சொன்னதே போதும். சொல்லவில்லை.

அடுத்த தடவை காதுவரை போனது. அன்றைக்கு நான் இழுத்து இறக்கிய அதே உயரம். அங்கே நின்றது. விரல் விரிய மாட்டேன் என்கிறது, முழங்கை தள்ளாடுகிறது. அவன் என்னைப் பார்த்தான். தூக்கிவிடு என்கிறானா, பார்த்துக்கொண்டிரு என்கிறானா? ஒரு விரல் கொடுத்தால் போதும், மேலே போய்விடும். உள்ளங்கை அரித்தது. என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கை தலைக்குப் போய்விட்டது. முடிமேல் மொத்தென்று விழுந்து, அங்கேயே இருந்தது.

"கட்" என்றான். தெளிவாகச் சொன்னான்.

சரி என்றேன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மூன்றரைக்குக் கிளம்பினேன்.